பாலத்தில் இறங்கி நடந்த நாள்

கணவர் இறந்த பிறகு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்ல ஆள் இல்லை. மகன் கனடாவில். மன்னாரில் தனியாக இருந்த நான், ஐம்பதை நெருங்கும் வயதில் மைதானத்தில் சைக்கிள் ஓடப் பழகினேன். விழாமல் சுற்றிவர முடிந்ததுமே அவசரம் வந்துவிட்டது. நானாட்டானில் இருக்கும் தங்கை வீட்டுக்கு, யாரிடமும் சொல்லாமல், ஒரு காலை கிளம்பினேன்.

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்து வீதியில் கடற்காற்று சைக்கிளைப் பக்கமாகத் தள்ளியது. பாதி வழியில் இறங்கிவிட்டேன். இரு பக்கமும் தண்ணீர். கூப்பிட ஒருவரும் இல்லையே என்று அழுகை வந்தது.

எதிரே சைக்கிளில் வந்த ஒரு பெண் நிறுத்தினார். சீருடையில் இருந்த மருத்துவமனைத் தாதி.

“விழுந்திட்டீங்களோ அக்கா?”

“இல்லை, ஏலாமப் போச்சு. பழகி ஒரு மாசந்தான். நானாட்டான் போக வெளிக்கிட்டனான்.”

அவர் சிரிக்கவில்லை. “நான் கனகாலமா இதாலதான் வேலைக்கு வாறனான். காத்துக் கூடினா நானும் இறங்கி உருட்டுறனான். நானாட்டானுக்கு இன்னும் கொஞ்ச மாசம் போகட்டும். இண்டைக்குத் திரும்புவம், வாங்கோ.”

இருவரும் சைக்கிளை உருட்டியபடி நடந்தோம். கணவரைப் பற்றிக் கேட்டார். நெடுநாளாக யாரும் கேட்காததால் நிறையச் சொன்னேன். பாலம் முடிந்ததும் அவர் வேலைக்குப் போய்விட்டார்.

நானாட்டானை நான் இன்னும் எட்டவில்லை. இறங்கி நடப்பது தோல்வி என்ற எண்ணம் மட்டும் போய்விட்டது. போன கிழமைதான் பாலத்தின் மறுகரைவரை சைக்கிள் ஓடித் திரும்பினேன். அதைச் சொல்ல வீட்டில் யாருமில்லை. கதவைத் திறந்து, எனக்கே கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டேன்.