நாற்பது ஜோடி மான்கொம்பு

ஏர்கூலர் வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டி அது. ஒரு மூலையில் தண்ணீர் பட்டு ஊறிக் காய்ந்து கோணிப்போயிருந்தது. ஒரு டிசம்பர் சனிக்கிழமை காலை அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், எங்கள் தெருவுக்கு வரும் குப்பை ஆட்டோவில் கவிழ்த்தேன். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். திறந்து பார்த்தேன். பழுப்பு நிற ஃபெல்ட் துணியில் வெட்டிய மான்கொம்புகள், பத்துப் பத்தாக நூல் சுற்றி அடுக்கியிருந்தன. தைத்து முடித்தவையும் சில கிடந்தன. பார்த்துவிட்டுத்தான் கவிழ்த்தேன். ஆட்டோக்காரர் நூல் சுற்றிய கட்டு ஒன்றை எடுத்துப் புரட்டி, “கொத்தகா உன்னாயி கதம்மா” என்றார். புதுசாக இருக்கிறதே என்று அவருக்குக் கூடத் தோன்றியது. “நக்கோ, தீஸ்கெள்ளு”, வேண்டாம், கொண்டு போ என்று அதட்டினேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கொம்புகள் என் அண்ணியுடையவை. மல்காஜ்கிரியில் அப்பா கட்டிய வீட்டில் கீழே அண்ணன், அண்ணி, அவர்கள் பெண். மேலே நான் ஒருத்தி. எனக்குக் கல்யாணம் இல்லை, அதைப் பற்றி இங்கே பேச்சும் இல்லை. அப்பா அரக்கோணத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்கு வந்தவர். அண்ணனும் அங்கேயே ஃபிட்டர் ஆனான். நான் ஒரு மத்திய அரசு ஆபீசில் கிளார்க். அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. வா போ என்றுதான் பேசிக்கொள்வோம்.

அண்ணி பண்டிகைச் சாமான் தைப்பாள். கிறிஸ்துமஸுக்கு மரத்தில் தொங்கவிடும் நட்சத்திரம், மணி, குண்டுத் தாத்தா, குழந்தைகள் தலையில் மாட்டிக்கொள்ள மான்கொம்பு வைத்த ஹேர்பேண்ட். ஈஸ்டருக்கு முயல்காது. ரம்ஜானுக்குப் பிறை. சங்கராந்திக்கு உள்ளங்கை அளவு பட்டம். பிள்ளையார் சதுர்த்திக்கு யானைக்காது. எல்லாம் ஃபெல்ட் துணியில், கையால். ஃபெல்டில் ஊடும் பாவும் கிடையாது, அழுத்திச் செய்த துணி. எப்படி வெட்டினாலும் ஓரம் பிரியாது. இரண்டு துண்டைச் சேர்த்து வைத்து, சுற்றிக் காஜா தையல் போட்டு, கடைசி இரண்டு அங்குலம் பாக்கி இருக்கும்போது பஞ்சைத் திணித்து மூடிவிடுவாள். போலாரம் பக்கம் பள்ளிக்கூடங்கள், சர்ச்சுகள், அபார்ட்மெண்டுகள் என்று ஆர்டர் வந்தபடி இருக்கும். வீட்டில் எந்நேரமும் ஏதாவது ஒரு சாமியின் பண்டிகை தயாராகிக்கொண்டிருக்கும்.

எனக்கு அது இளப்பம். பெரிய மனுஷி உட்கார்ந்து முயல்காது தைப்பதாவது என்று நினைப்பேன். நினைத்ததை உள்ளே வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. ஆபீசிலிருந்து வந்ததும் கீழே எட்டிப் பார்த்து, “கொம்பு வியாபாரம் எப்பிடி அண்ணி போவுது?” என்பேன். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “உனக்கும் ஒண்ணு தைக்கலாம்னு பாத்தேன். உனக்குத்தான் ஏற்கெனவே ரெண்டு இருக்குதே” என்பாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் மறுநாள் ஆபீசில், அண்ணி கொம்பைத் தலையில் மாட்டிச் சரிபார்ப்பதை நடித்துக் காட்டி நான்கு பேரைச் சிரிக்க வைப்பேன். அது அண்ணிக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

பிறகு அண்ணனுக்குக் கிட்னி போயிற்று. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போய்வந்த நாளில் பிணம் மாதிரி தூங்குவான். மறுநாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். முப்பது வருஷம் இரும்பை அறுத்த கை, ஒரு டம்ளரைத் தூக்கினால் நடுங்கியது. சாப்பாடு என்றால் நக்கோ, டிவி என்றால் நக்கோ. நான் மாடியிலிருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டால் அறையில் ஏதோ பரபரப்பாக இருக்கும். ஒரு நாள் அவன் லுங்கி முழுக்கப் பழுப்பாகத் துணித்தூள் ஒட்டியிருந்தது. “இன்னாடா இது?” என்று கேட்டேன். “தலகாணி பிஞ்சிருச்சு” என்றான். தலையணைக்குள் பழுப்புத் துணி ஏது என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. அதோடு விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தான்.

எங்கள் வீடுகளில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் பண்டிகை இல்லை. தீபாவளிக்கு எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறாது. உறவுக்காரர்கள்தான் பலகாரம் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த ஒழுங்கை நான் போலீஸ்காரி மாதிரி காவல் காத்தேன். அண்ணன் போனதற்கு அழ எனக்குத் தெரியவில்லை, அதட்டத்தான் தெரிந்தது. அண்ணி ஒன்றையும் மீறவில்லை. தீபாவளியன்று விளக்குக் கூட ஒன்றுதான் ஏற்றினாள். ஆனால் நவம்பர் கடைசியில் ஊசியை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். பழுப்புக் கொம்பு.

“இன்னா அண்ணி இது? சாவு வூட்ல பண்டிகைச் சாமானா?”

“கிறிஸ்துமஸ் நம்ம பண்டிகை இல்லையே. மார்ச்சுலயே ஒத்துக்கிட்டது. ஸ்கூல்ல நாப்பது கொழந்தைங்க மாட்டிக்கினு பாடணுமாம்.”

“வேற எங்கனா வாங்கிப்பாங்க.”

“இத நான் முடிக்கணும்” என்றாள். முடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லவில்லை. முடிக்கணும் என்றாள். நான் அதைக் கேட்டேன், காதில் வாங்கவில்லை.

அந்த வாரம் அரக்கோணத்திலிருந்து பெரியம்மா ஃபோன் செய்தாள். “ஏண்டி, உங்க வூட்ல கிறிஸ்துமஸ் ஜோரா நடக்குதாமே?” யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஊரையே கிண்டல் செய்தவள், என்னை ஒருத்தி கிண்டல் செய்ததும் பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலை அண்ணி ரிப்பன் வாங்க ஜெனரல் பஜார் போனாள். ஆட்டோ வரும் பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டது. இறங்கிப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன்.

பதினோரு மணிக்கு அண்ணி மாடி ஏறி வந்தாள். “பெட்டி எங்க?”

“வண்டியில போட்டுட்டேன்.”

திட்டுவாள் என்று தயாராக நின்றேன். பதிலுக்குச் சொல்ல ஒரு மூட்டை வைத்திருந்தேன். அவள் மேல்படியிலேயே உட்கார்ந்தாள். பின்னால் வந்து நின்ற அண்ணன் பெண்தான் சொன்னாள். அவளுக்குப் பதினாறு வயது. நாங்கள் தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்லும் பெண். “அத்தா, அவி டாடி கட் சேசினவி.”

அத்தை, அவை அப்பா வெட்டியவை.

உட்கார்ந்திருந்தபடியே அண்ணி மிச்சத்தைச் சொன்னாள். மார்ச்சிலிருந்து வெட்டினானாம். ஒர்க்ஷாப் நண்பனிடம் சொல்லித் தகரத்தில் கொம்பு அச்சு ஒன்று செய்து வாங்கி, அதைத் துணிமேல் வைத்து, பேனாவால் சுற்றிக் கோடு போட்டு வெட்டுவானாம். ஒரு கொம்புக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று. நாற்பது ஜோடிக்கு நூற்று அறுபது துண்டு. கை நடுங்கும், சில நாள் இரண்டு துண்டுதான் ஆகும். கடைசித் துண்டை வெட்டிய மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

ஓரமெல்லாம் எலி கடித்தது போல இருந்ததை நான் பார்த்திருந்தேன். ஓரத்தில் நீல மை இருந்ததையும் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் கோடு போட்டு வெட்டுகிற ஆள் ஒருவன்தான். பப்பாளியைக் கூட அளந்து வெட்டுவான். கூடப் பிறந்தவளுக்கு அது தெரியாமல் போயிற்று.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, ஆட்டோக்கள் குப்பை கொட்டும் இடத்துக்குப் போனேன். லாரி ஏற்றிப் போய்விட்டது என்றார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரம் குச்சியால் கிளறினேன். வாழைத்தோல், பாம்பர்ஸ், பிரியாணி டப்பா. அங்கே வேலை செய்கிற ஒரு பெண், தங்கமா தொலைந்தது என்று தெலுங்கில் கேட்டாள். துணி என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

அண்ணி அன்றைக்கே புதுத் துணி வாங்கினாள். தகர அச்சு அவளிடம் இருந்தது, ஆனால் அவளுக்கு அது தேவையில்லை. அச்சும் கோடும் இல்லாமல் நேரே வெட்டுவாள். பத்து நாளில் நாற்பதையும் தைத்துக் கொடுத்துவிட்டாள். குழந்தைகள் மாட்டிக்கொண்டு பாடியிருக்கும். சரியாக வெட்டிய, அழகான கொம்புகள்.

ஜனவரியில் ஒரு நாள் அந்தக் குப்பை ஆட்டோவின் முன்கண்ணாடிக்கு மேலே பழுப்பாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கொம்புத் துண்டு, ஓட்டை போட்டு ஒயரில் கட்டியிருந்தார். ஓடிப் போய்க் கேட்டேன். “நீங்கதானம்மா வேண்டாம்னு போட்டீங்க” என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தபடியே அவிழ்த்துக் கொடுத்தார். கீழ்வீட்டுக்குள் போய் அண்ணியிடம் நீட்டினேன். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தைச் சுற்றி ஒரு முறை விரலை ஓட்டினாள்.

“இது நான் வெட்டினது. ஸ்கூலுக்கு சாம்பிள் காட்ட” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் மை இல்லை.

வருஷத் திதி முடிந்ததும் அண்ணி போலாரத்தில் ஒரு போர்ஷன் வாடகைக்குப் பார்த்துப் போய்விட்டாள். பெண்ணுக்குக் காலேஜ் பக்கம் என்று காரணம் சொன்னாள். நானும் நம்பியதாகத் தலையாட்டினேன். இப்போது அந்தப் பெண் அமீர்பேட்டில் ஏதோ கோர்ஸ் படிக்கிறாள். கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு விட எனக்கு மனம் வரவில்லை. நான்கு வருஷமாக நவம்பர், டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போலாரம் போகிறேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போகிறேன். அண்ணி காபி கொடுப்பாள். பஞ்சு மூட்டையை என் பக்கம் தள்ளுவாள். அவள் தைத்துப் போடப் போட, நான் பென்சில் முனையால் பஞ்சை உள்ளே திணிப்பேன். கொம்பு வியாபாரம் எப்படி என்று நான் கேட்பதில்லை. எனக்கு ஏற்கெனவே இரண்டு இருக்கிறது என்று அவளும் சொல்வதில்லை. அந்தப் பேச்சு திரும்பி வருமென்றால் எதையும் கொடுப்பேன்.

போன ஞாயிறு கேட்டுவிட்டேன். “அவன் ஏன் அண்ணி எங்கிட்ட மறைச்சான்?”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நீ சிரிப்பேன்னுதான். நாப்பதும் முடியட்டும், தெச்சு முடிச்சப்புறம் அவளுக்கு நானே காட்டறேன், அதுவரைக்கும் அவ வாயில வுழ வேணாம்னாரு.”

அப்படியெல்லாம் சிரித்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சாகக் கிடக்கிற ஃபிட்டர் ஒருவன், லுங்கி முழுக்கத் துணித்தூளோடு கட்டிலில் உட்கார்ந்து குழந்தைகளுக்கு மான்கொம்பு வெட்டுகிறான். எனக்கு என்னைத் தெரியும். அவனுக்கு எதிரிலேயே சிரித்திருப்பேன். திங்கட்கிழமை ஆபீசில் நடித்தும் காட்டியிருப்பேன்.

வாயை மூடிக்கொண்டு அடுத்த கொம்பை எடுத்தேன்.