குஞ்சுகள் கேட்ட ஆல்பம்

என் மனைவிக்கு வேலை செய்யும் இடத்தில் அடைக்கோழி என்று பெயர். அவள் இருப்பது ஒரு குஞ்சு பொரிப்பகத்தில். முட்டைகள் கடைசி மூன்று நாட்களைக் கழித்து உடைகிற மூன்றாம் அறை அவள் பொறுப்பு. பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தால் கோபப்பட மாட்டாள். "ஒரே நேரத்துல நாலாயிரம் முட்டையைப் பாத்துக்கிட்டு அப்புறம் வந்து பேசுங்க" என்பாள். அதே பொரிப்பகத்தில் நான் வண்டி ஓட்டுகிறேன். பொரிந்த குஞ்சுகளைப் பண்ணைகளில் இறக்குவது என் வேலை. வீட்டில் என்னை ஓட்டுவது அவள் வேலை.

பல வருடங்களாக மின்விசிறிகளின் இரைச்சலுக்குள்ளேயே நின்றதால், வீட்டின் அமைதி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தலை வலிக்கிறது என்று ஜன்னலைத் திறந்து வைத்துத் தெரு இரைச்சலுக்குக் காதைக் கொடுப்பாள். இயந்திரம் பழுதுபார்க்க வந்த ஒரு பெண்தான் அவளுக்கு 'ட்ரோன்' என்கிற இசை வகை ஆல்பங்களை அறிமுகம் செய்தாள். பாடகர் கிடையாது, தாளம் கிடையாது. ஒரே சுரம், அரை மணி நேரம், எங்கோ ஆழத்தில் ஒரு பெரிய கதவு திறந்துகொண்டே இருப்பதுபோல நீளும்.

முதல் நாள் நானும் மரியாதைக்கு உட்கார்ந்து கேட்டேன். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றேன்.

"ஆரம்பிச்சுக் கால் மணி நேரம் ஆச்சு."

"அப்ப நம்ம ஃப்ரிட்ஜுக்கும் ஒரு விருது குடுக்கலாமே."

அவள் சிரிக்கவில்லை. கேட்கும்போது அவள் முகத்தில் இருக்கிற எதுவும் எனக்கானதாக இருக்காது. சாப்பிட்டாயா என்று கேட்டால் பதில் வரும், ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல வரும். நான் பொறாமைக்காரன்தான், மறைக்க என்ன இருக்கிறது. ஒரு இரைச்சலைப் பார்த்து எரிச்சல்படும் புருஷன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் அறைக்குப் புது மின்விசிறிகள் வந்தபோதுதான் தப்பு நடந்தது. அவை ஓடுவதே தெரியாது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், இவளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. முட்டைக்குள் இருக்கிற குஞ்சுக்குக் காது கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். "வெறும் அமைதிக்குள்ள எப்படிங்க பொறக்கும்? பயந்துடாதா?" என்றாள். யாரிடமும் கேட்காமல் மெமரி கார்டு போட்ட ஒரு சின்ன ஸ்பீக்கரை மேல்தட்டில் வைத்து, தனக்குப் பிடித்த ஆல்பத்தை மூன்று நாளும் நிறுத்தாமல் ஓடவிட்டாள்.

குஞ்சு பொரிக்கும் காலையில் நடைபாதையே கீச்சுக் கீச்சென்று காதைத் துளைக்கும். அன்று ஒரு கீச்சுகூடக் கேட்கவில்லை. மொத்தமும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள். நான் பெட்டிகளோடு பின்னால் நின்றேன்.

எல்லாம் பொரிந்திருந்தன. காய்ந்து, மஞ்சளாக, அத்தனையும் காலூன்றி நின்றன. ஒன்றுகூட அலகைத் திறக்கவில்லை. நாலாயிரம் குஞ்சுகளும் மேல்தட்டில் இருந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் ஸ்பீக்கரை நிறுத்தினாள். குஞ்சுகள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே சரிந்தன. பதறிப்போய் மறுபடி போட்டாள். எழுந்து நின்றன.

தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள், எதுவும் அலகை வைக்கவில்லை. சூப்பர்வைசர் உள்ளே ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. "வண்டியில ஏத்து. செத்தா பண்ணையில சாகட்டும்" என்று என்னிடம் சொன்னார். அவளைப் பார்த்து, "இன்னைக்குள்ள அதுங்க தண்ணி குடிக்கலன்னா நீ நாளைலேருந்து வர வேண்டாம்" என்றார்.

அவளுக்கு வேலை போவதைப் பற்றிக் கவலை இல்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தாங்க கெடுத்துட்டேன். பாட்டை மட்டும் நிறுத்தாம கொண்டுபோங்க."

ஸ்பீக்கரைப் பெட்டிகளுக்கு நடுவே வைத்து ஓட்டினேன். பின்னால் அந்த ஒற்றைச் சுரம். உயிருள்ள சரக்கு ஏற்றிய வண்டி போலவே இல்லை. கண்ணாடியில் பார்க்காமலே பண்ணை வரை போனேன்.

பண்ணைக்காரர் நீளமான கொட்டகையில் பல்புகளைப் போட்டு, வரிசையாகத் தண்ணீர்த் தட்டுகளை வைத்திருந்தார். குஞ்சுகளைக் கொட்டினோம். "என்னப்பா, எல்லாம் ஊமையா?" என்று கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துபோனது. குஞ்சுகள் அலை அலையாகச் சரிந்தன. சார்ஜர் மூன்றாம் அறைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு போன் செய்தேன். அவள் போன் வழியாகவே ஆல்பத்தைப் போட்டுப் பார்த்தாள். அந்தக் கொட்டகையில் அது கொசு சத்தம்.

"நீங்களே வாயை மூடிக்கிட்டு அந்தச் சுரத்தைப் பிடிங்க" என்றாள்.

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"தினமும் என்னைப் பத்தி முணுமுணுக்கறீங்க இல்ல, அதையே கொஞ்சம் நீட்டுங்க."

போனைத் தூணில் மாட்டிவிட்டு நடுவில் நின்றேன். பண்ணைக்காரர் பார்க்கிறாரே என்று வெட்கமாக இருந்தாலும் ஆரம்பித்தேன். ம்ம்ம் என்று அடிவயிற்றிலிருந்து இழுத்தேன். முதலில் என் காலடியில் சில குஞ்சுகள் எழுந்தன. பிறகு கொட்டகையின் கோடி வரை எழுந்தன. அத்தனை கண்களும் என் மேல். அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் அந்தச் சுரத்தைக் கேட்கும்போது அவள் எங்கே போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்பது அப்போது புரிந்தது.

ஆனால் குடிக்கவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினால் தலைகள் தொங்கின. மறுபடி இழுத்தேன். தொண்டை எரிந்தது, கண் இருட்டியது. இனி முடியாது என்று தெரிந்தும் நிறுத்தப் பயமாக இருந்தது. கடைசியில் மூச்சு தானாகவே அறுந்தது.

சத்தம் நிற்கவில்லை.

நான் வாயைத் தொட்டுப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது. பண்ணைக்காரர் மெதுவாகக் கதவுப்பக்கம் நகர்ந்தார். சத்தம் தரையிலிருந்து வந்தது. நாலாயிரம் குஞ்சுகளும், அலகைத் திறக்காமல், அதே சுரத்தைப் பிடித்திருந்தன. ஒன்று நிறுத்திவிட்டுத் தட்டில் குனிந்தது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. குடிக்கிற குஞ்சு மட்டும் நிறுத்தியது, மற்றவை விடாமல் தாங்கிக்கொண்டன. குடித்து முடித்தது திரும்பி வந்து சேர்ந்துகொண்டது.

போனை எடுத்தேன்.

"இன்னும் நீங்களா பாடறீங்க?" என்றாள்.

"இல்ல."

அவள் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"குடிக்குதுங்களா?"

"குடிக்குதுங்க" என்றேன். "நீ இங்க வராதே. வந்தா திரும்ப மாட்டே."

"கிளம்பிட்டேன்" என்றாள்.