ஸ்டூலம்மா

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பெயரே ஸ்டூலம்மாதான். ஆயா வேலை. அங்கிருக்கிற பெரியவர்களைக் குளிப்பாட்டி, தலை வாரி, படுக்கை விரித்து முடித்ததும் நீல பிளாஸ்டிக் ஸ்டூலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பெற்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்காத யாராவது ஒருவர் பக்கத்தில் அதைப் போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். புருஷன் போனபிறகு வீட்டில் பேச்சுத்துணை இல்லை. அந்த வாய்க்கு இங்கேதான் வேலை கிடைத்தது.

யாரிடம் உட்காருவது என்பதைப் பெரிய நர்ஸ் காலையில் சொல்லிவிடுவாள். "இன்னைக்கு டீச்சர்கிட்ட உக்காரு. பாவம், மனசு விட்டுப் போயிருக்காங்க."

பாவம் என்றால் பாவம்தானே என்று இவளும் போவாள். அதற்கு மேல் யோசிக்கத் தெரியாத மக்கு. டீச்சர் அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்னால் இவள் உட்கார்ந்த தையல்காரரும் அப்படித்தான்.

கிழடுகளுக்குக் கண்தான் மங்கும், புத்தியுமா மங்கும்? ஸ்டூல் வருவது தெரிந்தாலே பேச்சு நின்றது. ஒருவர் குறட்டை விடுவதுபோல் நடித்தார். ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"நீ நல்லவதாம்மா. ஆனா என்கிட்ட மட்டும் உக்காராத."

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. நர்ஸிடம் ஓடினாள். நர்ஸ் மழுப்பவில்லை. "கடைசி நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் வேணும்ல? உன்னை விட்டா இங்க யாரு இருக்கா?"

ஆறுதல் சொல்வதாக நினைத்து எமனுக்கு முன்னால் ஸ்டூல் தூக்கிப் போயிருக்கிறாள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடப் பார்த்தாள்.

இதையும் கேலியாக எடுத்துக்கொண்டவர் பழைய பஸ் கண்டக்டர் ஒருவர்தான். "ஏம்மா, நம்ம ஸ்டாப்புல எப்ப நிறுத்தப் போற?" என்று கேட்டு விசிலடிப்பார். இவளோடு மனம்விட்டுச் சிரிக்க அவர் ஒருவர்தான் மிச்சம்.

ஒரு காலையில் நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு கண்டக்டர்கிட்ட. ரத்தச் சோதனை சரியில்ல. அவருக்கு இன்னும் சொல்லல."

இவள் முகத்தில் ஈயாடவில்லை. நேற்றுகூட விசிலடித்த மனுஷன்.

ஸ்டூலைத் துணி அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். வெறுங்கையோடு போய்ச் சுவரில் சாய்ந்து நின்று, பக்கத்து வீட்டு நாயின் அட்டகாசத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அவர் கையமர்த்தினார்.

"ஸ்டூல் எங்கம்மா?"

"சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்கய்யா."

"எல்லார்கிட்டயும் தூக்கிட்டுப் போவ. என்கிட்ட வரும்போது மட்டும் ஒளிச்சு வச்சிருக்க. அப்ப நம்ம ஸ்டாப் வந்துடுச்சு."

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போய் எடுத்துட்டு வா. எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே பேசுவ?"

ஸ்டூலோடு அவள் திரும்பி வருகையில் வழியெல்லாம் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. திறந்திருந்த ஒரே அறையில் அவர் தன் செருப்பைக் காலால் ஒதுக்கி, கட்டிலோரம் ஸ்டூலுக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார்.