என் மீசையும் ஒரு மலைக்கிராமத்துச் சலூனும்

நாற்பத்தாறு வயதில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த என் மீசை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கராமாவில் காலமானது. என் குடும்பத்தில் வேறு யாரும் காலமாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இதைச் சொல்லத்தான் யாரும் என்னை விடவில்லை.

அப்போது நான் வளைகுடாவில் ஏசி குழாய் செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தலையில் முடி விடைபெற்றுக்கொண்டிருந்ததால் இருந்த கௌரவம் முழுவதையும் மீசையில் போட்டு வைத்திருந்தேன். அதைத் திருத்துபவர் எங்கள் தெருக்கோடி சலூன்காரர். பாகிஸ்தானில் ஸ்வாத் பக்கத்து மலைக்கிராமத்துப் பட்டாணியர். எனக்கு அவர் பாய், அவருக்கு நான் மதராஸி. அவர் அறிந்த தமிழ் இரண்டே சொல்: மீசை, போதும். மற்றதெல்லாம் இந்தி. என் இந்திக்கு எட்டியவரை அவர் பேச்சை இங்கே தருகிறேன்.

கண்ணாடி ஓரத்தில் அவர் தம்பியின் படம் ஒட்டியிருக்கும். ஊரில் இருந்த ஒரே சலூன் தம்பியுடையது. மலையில் ஆயுதம் தூக்கிய ஒரு கூட்டம் ஊருக்குள் வந்து, இனி எவனும் தாடி மழிக்கக் கூடாது என்று கடைக்கதவில் சீட்டு ஒட்டியது. தம்பி கடையைச் சாத்திவிட்டு வெங்காயம் விற்கப் போய்விட்டார்.

"ஆரம்பத்துல எங்க ஊரேதான் அவங்களுக்குச் சாப்பாடு போட்டுச்சு, மதராஸி. வழக்கெல்லாம் சட்டுனு தீத்து வைப்போம்னாங்க, நம்பிட்டோம். எங்க வீட்டு அடுப்புலயும் அவங்களுக்கு ரொட்டி வெந்துச்சு. இப்ப வீட்டுக்கு ஒரு பையனை அனுப்பு, துப்பாக்கி தூக்கணும்கிறாங்க."

"வெரட்டி விடவேண்டியதுதானே பாய்?"

கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "விருந்தாளின்னு ஒருத்தன் உள்ள வந்துட்டா, எங்க பக்கம் உசுரே போனாலும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க."

அந்த வருஷக் கோடையில் ராணுவம் மலை ஏறியது. சலூன் டிவியில் நாள் முழுக்கப் புகை. அப்போதுதான் தம்பி போனில் சொன்னார்: ஊர் கூடி முடிவெடுத்துவிட்டது. நீங்கள் இனி விருந்தாளி இல்லை என்று அந்தக் கூட்டத்திடம் நேரில் சொல்லப்போகிறார்கள். எந்த வீட்டிலும் ரொட்டி கிடையாது. போகாவிட்டால் ஊரே திரண்டு துரத்தும். தம்பியும் போகிறார்.

"எங்க தாத்தாவோட பழைய துப்பாக்கிய எடுத்துட்டுப் போறான்," என்றார் பாய். "சுட்டா யாரு மேல படும்னு அதுக்கே தெரியாது."

அதோடு போன் செத்துவிட்டது. ஒன்பது நாள் ஒரு செய்தியும் இல்லை. ஓயாமல் பேசும் மனிதர் வாய் திறக்காமல் வேலை செய்தார். கையில் கத்தியோடு பேசாமல் நிற்கும் ஆளைப் பார்த்தால் யாருக்குக் கழுத்தை நீட்டத் தோன்றும்? வாடிக்கையாளர்கள் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தார்கள். நான் மட்டும் நகரவில்லை. வீரம் என்று நினைக்கவேண்டாம், பக்கத்து நாற்காலிக்காரர் மீசையைக் கோணலாக வெட்டுவார்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் எனக்கு லீவில் ஊருக்கு ஃப்ளைட். நாற்காலியைச் சாய்த்து, முகமெல்லாம் நுரை தடவி, நான் கண்ணை மூடியிருந்தபோது ஒரு மிஸ்டு கால் வந்தது. பாய் திருப்பி அடித்து ஸ்பீக்கரில் போட்டார். அவர்கள் பாஷையில் ஒரே கத்தல். அழுகிறார்களா, சிரிக்கிறார்களா என்று தெரியவில்லை. கத்தி என் தொண்டைக்கு மேலே இருந்ததால் நான் மூச்சுவிடுவதை ஒத்திவைத்தேன்.

"தம்பி நல்லாருக்கான்!" என்று கடைக்கே கேட்கக் கத்தினார் பாய். "ரெண்டு நாள் சண்டையாம். ஊரே சேந்து அவங்களைத் துரத்திருச்சு!" ஊரில் இரண்டு பேரை இழந்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. பிறகு மறுபடி ஏறியது. "கடையத் தொறந்துட்டானாம்! இந்த நிமிஷம் பள்ளிக்கூட வாத்தியாரு உக்காந்திருக்காராம். ரெண்டு வருஷத் தாடி!"

அங்கே தம்பி சிரைக்கச் சிரைக்கச் சொல்ல, இங்கே பாய் எங்களுக்கு இந்தியில் வர்ணித்தார்.

"வலது கன்னம் முடிஞ்சுது!" என் வலது கன்னம் குளிர்ந்தது.

"இடது கன்னம்!" இடதும் குளிர்ந்தது.

"வாத்தியாரு மீசையையும் எடுக்கச் சொல்றாராம்!"

கடையே கைதட்டியது. நானும் மேலே போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து பலமாகத் தட்டினேன்.

கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் என் பெரியம்மா உட்கார்ந்திருந்தார்.

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "மீசை..." என்றார், தமிழில்.

"போதும்," என்றேன்.

எங்கள் பக்கம் ஒருவன் மீசையை எடுத்தால் பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார் என்று அர்த்தம். ரூமில் வெள்ளிக்கிழமை பிரியாணி தயாராகிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த, என்னோடு தங்கியிருந்த ராமநாதபுரத்துப் பையன் என் முகத்தைப் பார்த்தான், போய் அடுப்பை அணைத்தான்.

"அண்ணே... அப்பாவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது.

"அழுதுருங்கண்ணே. உள்ளேயே வச்சுக்காதீக."

"டேய், பாகிஸ்தான்ல ஒரு வாத்தியாருக்கு..."

"அதிர்ச்சில என்னென்னமோ பேசுறாரு," என்றான் பின்னாலிருந்தவர்களிடம். கோழி ஃப்ரிட்ஜுக்குள் போனது, ரசத்துக்குப் புளி ஊறியது. பக்கத்து ரூம்காரர்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்தார்கள். அதில் ஒருவர் எனக்கு முன்னால் அழுதுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பாய் ஒரு பெட்டி ஜிலேபியோடு உள்ளே வந்தார். துக்க வீட்டுக்கு ஜிலேபியா என்று எல்லோரும் முறைத்தார்கள். பாய் போனை எடுத்து, தன் தம்பியையே கூப்பிட்டு, வாத்தியார் முதல் என் மீசை வரை முழுக்கதையும் ஒப்பித்தார். அழுதவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அந்தக் கோழிய எடுங்கப்பா" என்றார். பிரியாணி வேகும்வரை கட்டில்களுக்கு நடுவே பாய் கையைத் தூக்கிச் சுற்றிச் சுற்றி ஆடினார். நானும் ஆடினேன். ஸ்டோர் கீப்பர் ஆடக்கூடாது, இடுப்பு இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் திருச்சி விமான நிலையத்தில் அப்பா என்னைப் பார்த்ததும் நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"அடேய், நான் உசுரோடதான்டா இருக்கேன்!"

காரில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தம்பி கடை தொறந்துதான இருக்கு?"

"கெளம்பும்போது கேட்டேன்ப்பா. நிக்க எடமில்லையாம்."

"அப்பச் சரி. மீசைதான, வளந்துரும்," என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று தன் மீசையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.