கயிற்றை விட்ட மச்சான்

போர் முடிந்தும் காகிதக் கட்டுப்பாடு நீங்காத காலம். தூத்துக்குடியில் எட்டுப் பக்க வாரப் பத்திரிகை ஒன்றில் நான் உதவி ஆசிரியன். கடைசி இரண்டு பக்கங்களில் ஒரு தொடர்கதை ஓடியது. நம் கடற்கரை ஆட்கள் சிலர் ஆகாயக் கப்பலில் செவ்வாய்க்கிரகம் போகிறார்கள். அங்கே தூசிக் கடலில் மூழ்கிக் கற்கள் எடுக்கிறார்கள். நானும், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும், சுங்க அலுவலக குமாஸ்தா ஒருவரும் முறை வைத்து எழுதினோம். முந்தைய வாரத்தை மற்ற இருவரும் படித்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினோம். இரண்டாம் வாரத்தில் புலால் தொடாத விஞ்ஞானி நான்காம் வாரத்தில் கோழிக்கால் கடித்தார். ஆசிரியரிடம் சொன்னேன். "அம்புட்டுத் தூரம் போனா பசிக்கும்லாவே" என்றார்.

ஒரு பாத்திரத்தை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை. முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது, சங்குக்குத்தான் மூழ்கினார்கள். மூழ்குகிறவனுடைய கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். தன் தங்கை தாலியை அறுக்க எவனும் துணியமாட்டான் என்பது கணக்கு. அப்படி ஒருவரை ஒரு செய்திக்காகப் போனபோது பார்த்தேன். கயிற்றை இடது கால் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். கயிறு இறங்கியதிலிருந்து ஏறும்வரை வாய் திறக்கவில்லை. விரலையும் மௌனத்தையும் அப்படியே கதைக்குள் 'மச்சான்' என்ற பாத்திரமாகக் கொண்டுபோனேன். அவரிடம் கேட்கவில்லை. காப்பிக் கடைகளில் சத்தமாக வாசித்தபோது ஊர் அடையாளம் கண்டுகொண்டது. அவருக்கும் அது பெருமையாகவே இருந்தது.

ஒன்பதாவது வாரம் குமாஸ்தாவின் முறை. அதில் மச்சான் பாட்டுப் பாடுகிறான், பகடி பேசுகிறான், கூடையில் ஏறி வந்த சிவப்புக் கல்லைக் கண்டதும் கயிற்றை விட்டுவிடுகிறான்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. திங்கட்கிழமை மதியம் அந்தக் கயிறு பிடிப்பவர் அச்சாபீஸ் வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எங்க மச்சான், தங்கச்சி புருசன், கயித்த வேற ஆளு கையில குடுத்துட்டான்."

"கதையை நம்பியா?"

"நம்பல்லாம் இல்ல. நேத்து கோயில் விட்டு வரையில ஒருத்தன் சொல்லுதான், 'ஏலே, செவ்வாயில கயித்த விட்டவன் வாரான், கால்வெரலப் பாருங்கலே'ன்னு. எல்லாவனும் சிரிக்கான். எங்க மச்சான் சிரிக்கல. என் கால்வெரலத்தான் பாத்துக்கிட்டிருந்தான். தண்ணிக்குள்ள அந்த நெனப்பு வந்தா மூச்சு நிக்காது அண்ணாச்சி. அவன் மேல தப்பு இல்ல. ஆனா இந்த வாரம் போச்சுன்னா அந்த எடம் எனக்குத் திரும்ப வராது. தங்கச்சி வீட்டுப் படியும் ஏற முடியாது."

குமாஸ்தாவை வரவழைத்தார் ஆசிரியர். அவர் அசரவில்லை. "மனுசன் மாறுவான்வே. அதான் கதை."

"மாறட்டும் சார். எதுக்கு மாறினான்னு எழுதலையே? எட்டு வாரம் வாயத் தொறக்காதவன் ஒம்பதாம் வாரம் பாட்டுப் படிக்கான். அவனுக்கு என்ன வந்துச்சு?" என்றார் கயிறு பிடிப்பவர்.

குமாஸ்தா முந்தைய எட்டு வாரங்களில் நாலைத்தான் படித்திருந்தார்.

"கனவுன்னு போட்டுருவோம்" என்றார் ஆசிரியர்.

"கனவுல விட்டாலும் விட்டதுதான்" என்றார் கயிறு பிடிப்பவர்.

மன்னிப்புக் கேட்டு ஒரு பெட்டிச் செய்தி போடலாம் என்றேன். அதுவும் வேண்டாம் என்றார். போட்டால் ஊர் இன்னொரு வாரம் சிரிக்கும். நான் கேட்டேன்: "கயித்த விட வேண்டிய நேரம்னு ஒண்ணு உண்டா?"

அவர் காலைத் தரையில் நீட்டி, மேசையில் கிடந்த சணலை எடுத்துப் பெருவிரலில் சுற்றினார். "ஒண்ணே ஒண்ணு உண்டு. கயிறு அடியில பாறைல மாட்டிக்கிட்டா, இழுக்க இழுக்க ஆளு பாறையோட இறுகிருவான். அப்ப அவன் மூணு ஒதறு ஒதறுவான். ஒடனே முழுசா விட்டிரணும். அவன் கட்ட அவுத்துட்டுத் தானா மேல வந்திருவான். புதுசா பிடிக்கவன் பயந்துபோயி இழுப்பான். இழுத்தா முடிஞ்சுது."

பத்தாவது வாரம் வாத்தியாரின் முறை. அதை நான் வாங்கிக்கொண்டேன். கூடையில் கல் வந்தது உண்மை. அதே நொடியில் கயிறு மூன்று முறை உதறியது, போன வாரம் அது சொல்லாமல் விடுபட்டது என்று எழுதினேன். பாட்டுக்குத்தான் காரணம் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் பாடினான் என்று மாற்றினேன். வெள்ளிக்கிழமை அச்சு ஏறும்வரை மூன்று தடவை திருத்தினேன். பத்திரிகை வந்த பிறகு எந்தக் காப்பிக் கடைக்கும் நான் போகவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் கரைக்குப் போனேன். படகுகள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. அவர் தன் படகுக்குப் பத்தடி தள்ளி நின்றார். கயிற்றுச் சுருளை மடியில் வைத்து படகின் முன்முனை அணியத்தில் உட்கார்ந்திருந்தார் அவருடைய தங்கை புருஷன். என்னைக் கண்டதும் இறங்கி வந்தார்.

"வாசிச்சாங்க, கேட்டேன். மூணு ஒதறு. அது நீரு எழுதுனதா, எங்க மச்சான் சொல்லி எழுதுனதா?"

எந்தப் பதில் எதைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்லிக் கொடுத்தது என்றால், தன் பேரைக் காப்பாற்ற ஆள் வைத்து எழுதினார் என்று ஆகலாம். நான் எழுதியது என்றால், அது வெறும் கதை.

"அவர் சொன்னார், நான் எழுதினேன்" என்றேன்.

தலையாட்டினார். "எனக்கு இதுவரைக்கும் கயிறு மாட்டுனதே இல்ல. மாட்டுனா இழுப்பானா விடுவானான்னு நான் கேட்டுக்கிட்டதும் இல்ல." திரும்பிக் குரல் கொடுத்தார். "என்ன மச்சான், வெயில் ஏறினதுக்கப்புறம் போவமா? வாரும்."

கயிறு பிடிப்பவர் ஓடவில்லை. நடந்து வந்து படகில் ஏறினார். சுருள் கை மாறியது. மூழ்கும் இடம் வர இன்னும் நேரம் இருந்தும் அப்போதே முனையைப் பெருவிரலில் சுற்றிக்கொண்டார். நான் கையைத் தூக்கினேன். இனிக் கயிறு ஏறும்வரை அவர் வாய் திறக்கமாட்டார்.