பாவலுக்குச் சூடு தந்த மதில்

நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள், பரவாயில்லை. யாராவது பேய்க்கதை தொடங்கினாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆனால் அந்த மதிலை இந்தக் கையால் தொட்டேன்.

2005. ஒஸ்லோவில் தோட்டக்கலை படித்துக்கொண்டிருந்தேன். நகரத்தின் விளிம்பில் ஒரு பழைய மாளிகை. அதன் அந்தக்காலச் சொந்தக்காரர் இங்கிலாந்துப் பிரபுக்களின் சமையல் தோட்டங்களைப் பார்த்து மயங்கி, அதே மாதிரி நாலு பக்கமும் உயரச் செங்கல் மதில் எழுப்பி, உள்ளே காய்கறியும் பழமரமும் வைத்தவர். அதைவிட அதிசயம் வடக்கு மதில்: பின்னால் உலை மூட்டினால் மதிலுக்குள் இருக்கும் குழாய்களில் புகை சுற்றி ஓடும், செங்கல் சூடாகும், உறைபனியிலும் பூ கருகாது! உலைவாயை எப்போதோ கட்டி அடைத்துவிட்டார்கள்.

அந்த மதிலோரம் ஒரு துண்டு நிலத்தைத் தலைமைத் தோட்டக்காரர் ஒட்வார் எனக்கு விட்டுத்தந்தார். அங்கே பாவற்காய் காய்க்கவைப்பதுதான் என் இறுதித் தேர்வு வேலை. கன்று பட்டுப்போனால் அந்த வருடப் படிப்பே போச்சு. யூன் வரை பொறு, கடைசிப் பனி போகட்டும் என்றார் அவர். புருசெத்தில் எங்கள் வீட்டில் அம்மாவோ கலண்டரும் கையுமாக நின்றார்.

“வளர்பிறை முடியப்போகுது பிள்ளை. இப்ப நட்டால்தான் கொடி ஏறும். உன்ரை ஒட்வாருக்குப் பாவலைப் பற்றி என்ன தெரியும்?”

நட்டுவிட்டேன். அன்றிரவே வானம் தெளிந்து உறைபனி விழுந்தது. விடிந்ததும் முதல் ரி-பான் சுரங்க ரயிலைப் பிடித்து ஓடினேன். புல் வெள்ளை, ஒட்வாரின் உருளைக்கிழங்கு இலையெல்லாம் கறுப்பு. என் பாவல் மட்டும் பச்சையாக, இலைகளில் நீர்த்துளியோடு நின்றது! மதிலில் கை வைத்தேன். நம்பினால் நம்புங்கள், அடுப்பிலிருந்து இறக்கிய பானை மாதிரிச் சுட்டது, உள்ளே யாரோ கரியை மெல்லக் கிளறிவிடுகிற சத்தம்.

ஒட்வாரைக் கூப்பிட்டேன். அவரும் தொட்டார், உடனே கையை எடுத்துக்கொண்டார். குழாய் இன்னும் வேலை செய்கிறதா என்று நான் படபடவென்று கேட்க, மதிலின் இந்தப் பகுதி இடிந்து பிறகு கட்டியது, இதற்குள் குழாயே கிடையாது என்றார். பின்பக்கம் போய்ப் பார்த்தோம். உலைவாய் அடைத்தபடியே இருந்தது, முன்னால் மண்டிக்கிடந்த காஞ்சோண்டிச் செடி ஒன்றுகூட மிதிபடவில்லை. திரும்பி வந்தபோது மதில் குளிர்ந்துவிட்டது.

ஆவணியில் முதல் காயை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. வெட்டியவர் கத்தியை மூக்கருகே கொண்டுபோனார்.

“இதென்ன பிள்ளை, காய்க்குள்ளை நிலக்கரி மணக்குது?”

வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே விதைகளைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. அதில் ஒரு விதை இன்னும் என்னிடம் இருக்கிறது. எத்தனையோ தரம் கழுவிவிட்டேன், தொட்டால் இன்றைக்கும் விரல் கறுக்கும்.