முப்பத்தெட்டாவது படம்

டொரீன் அக்கா போய்விட்டார் என்ற செய்தி பாடசாலை இடைவேளையில் வந்தது. அழைத்தவர் எங்கள் பழைய புகைப்பட வகுப்பு ஆசிரியர். "உங்கட சோடி போயிட்டா, டீச்சர்" என்றார். கையிலிருந்த தேநீரைக் குடித்து முடித்தேன். வேறு என்ன செய்வதென்று அப்போது தெரியவில்லை.

மட்டக்களப்பு நகரில் அவரிடம் சட்டை தைப்பித்தவர்கள் அவருடைய வாயையும் அறிவார்கள். போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் வீட்டுப் பெண். யுத்தம் முடிந்த மறுவருடம், சனிக்கிழமைகளில் நடந்த அந்த வகுப்பில் ஐம்பது வயதில் வந்து சேர்ந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "சும்மா வீட்ட இருந்தா கொழுப்புத்தான் கூடும்" என்பார். பழைய பிலிம் கமராவில் படமெடுத்து ஒப்படைப்பது எங்களுக்குத் தந்த வேலை. இருவருக்கு ஒரு சுருள்; நானும் அவரும் ஒரு சோடி. அவரிடம் அப்பாவின் கமரா இருந்தது. சுனாமியன்று திருத்தும் கடையில் கிடந்ததால் அது தப்பியது. கடலோரக் கல்லடி வீட்டில் வேறெதுவும் தப்பவில்லை.

அல்பங்களைக் கடலுக்குக் கொடுத்த குடும்பங்களைப் படமெடுத்து, ஆளுக்கொரு பிரதி கொடுப்போம் என்றது அவர்தான். கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்தோம். எவரும் மறித்துப் பையைத் திறக்கச் சொல்லவில்லை. அதுவே எங்களுக்குப் புதிதாக இருந்தது. சனங்கள் பெட்டியின் அடியிலிருந்த நல்ல உடுப்பை எடுத்து உடுத்துக்கொண்டு வந்தார்கள். கடலுக்குப் போகும் தெய்வநாயகம் அண்ணன்கூட எண்ணெய் வைத்துத் தலைவாரி வந்து அமர்ந்தார். மகள் சுகந்தி அவருடைய சட்டைக் கழுத்தை மூன்று தரம் சரிசெய்தாள். சுருளில் முப்பத்தாறு படங்கள்தான் வரும். எங்கள் கமரா முப்பத்தெட்டாவது படத்துக்கும் சுற்றியது. இரண்டு படம் சும்மா கிடைத்ததென்று சிரித்துக்கொண்டே திரும்பினோம்.

கழுவி வந்த சுருளில் ஒன்றுமே இல்லை. பிலிமின் நுனி உள்ளே சரியாகக் கொளுவாததால் அது நகரவே இல்லை என்றார் ஆசிரியர். பிலிம் போட்டதும் மேலேயுள்ள பிடியைக் கவனிக்க வேண்டும். "பிடி கிறுகுதா எண்டு பாருங்க" என்று வகுப்பில் பத்துத் தரம் சொல்லியிருந்தார். அது சுற்றாவிட்டால் பிலிமும் சுற்றாது.

ஸ்டூடியோக்காரர் பழுதாக்கிவிட்டார் என்று சொல்லிவிடுவோம் என்றேன். டொரீன் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவன் என்ன பாவம் செஞ்சவன்? பிழையாத் தைச்சா பிரிச்சுத்தான் தைக்கோணும், புள்ள."

வீடுவீடாகப் போனோம். படியேறுமுன்பே, பிலிம் போட்டது நான், என் பிழை என்று அவர் சொல்லிவிடுவார். சிலர் சிரித்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். மறுபடியும் உடுத்துக்கொண்டு வந்து அமர்ந்தார்கள்.

தெய்வநாயகம் அண்ணன் மட்டும் இல்லை. இடையில் ஒரு காலை நெஞ்சுவலியில் போய்விட்டிருந்தார். மாலை போட்டு வைக்கச் சுகந்தியிடம் வேறு படம் இல்லை. எங்கள் படத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கட அப்பாட முகத்த இல்லாமலாக்கிட்டீங்க" என்றாள், குரலை உயர்த்தாமல். அன்றிலிருந்து டொரீன் அக்காவைக் கண்டால் சுகந்தி தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். எனக்கு எப்போதும் போல வணக்கம் சொல்வாள்.

செத்தவீட்டுக்கு அவளும் வந்திருந்தாள். என் அருகில் வந்து அமர்ந்தாள். "அவட பிழைய நான் எப்பவோ மறந்திட்டன், டீச்சர். சொல்லத்தான் வாய் வரல்ல."

எனக்கும் வாய் வரவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பிலிமைப் போட்டது நான். பிடியைப் பார்க்க மறந்தவளும் நான். அப்போதுதான் கல்லடிப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்திருந்தேன். "நீ அந்தப் புள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போற ஆள். என்னை ஏசினா ஏசட்டும், எனக்குப் பழக்கம்" என்று பாலத்தில் வைத்துச் சொன்னவர், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் அதை வசதியாக எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம்.

ஒன்றுமில்லாத அந்தச் சுருளை இன்னும் வைத்திருக்கிறேன். இது அச்சில் வருமுன் அதை எடுத்துக்கொண்டு சுகந்தி வீட்டுக்குப் போவேன். படியேறுமுன்பே சொல்லிவிட வேண்டும்.